ஏகாம்பரம் யார் என்று கேட்டார்கள்

அந்தக் கவரை நான் மூன்று முறை பார்த்தேன். முதல் முறை தெரியாது என்று நழுவினேன். இரண்டாம் முறை பொய் சொன்னேன். மூன்றாம் முறை அது பிளான்ட் ஹெட் மேசைமேல் இருந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு டை காஸ்டிங் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து, போன வருஷம் ரிடையர் ஆனேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் இப்போதும் போன் செய்து மெஷின் கதை கேட்பார்கள். மெஷின் பழுதான கதைகளை நிறையச் சொல்லியாகிவிட்டது. நான் பழுதான கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1. ப்ரிப்பேர்டு பை

செல்வமும் நானும் ஒரே நாளில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தவர்கள். அவனுக்குப் பழவேற்காடு ஏரியைப் படகில் தாண்டிப் போகிற மீனவக் குப்பம். எனக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கம், நெல் போடுகிற குடும்பம். அப்போது பொன்னேரியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் செல்வத்தின் வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் அப்பா பெயர் ஏகாம்பரம். நண்டுக் குழம்பை அவரே வைப்பார், வேறு யாரையும் அடுப்புப் பக்கம் விடமாட்டார். இருப்பதிலேயே பெரிய நண்டு என் தட்டுக்குத்தான் வரும். "நெல்லுக்காரப் புள்ள, நல்லா துண்ணு நைனா" என்பார்.

அதற்கப்புறம் செல்வத்தோடு எத்தனையோ வருஷம் ஒரே ஷிப்ட், ஒரே டூல் பாக்ஸ். எங்களுக்குள் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பேப்பர் ரூபத்தில் வந்தது.

ஒரு பெரிய மெஷினில் உருகின உலோகத்தை அச்சுக்குள் தள்ளுகிற ஷாட் அடிக்கும்போது பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் புரொடக்‌ஷன் இல்லை. எல்லாரும் பம்ப்பைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். பம்ப்பில் ஒன்றுமில்லை, பிரஷரைத் தேக்கி வைக்கிற அக்குமுலேட்டர் சிலிண்டரில் நைட்ரஜன் கசிகிறது என்று கண்டுபிடித்தவன் நான். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி கிளம்புவதை எல்லாருக்கும் காட்டினேன். சாயந்திரம் மெஷின் ஓடியது.

பழுது சரியானதும் ஒய்-ஒய் ஷீட் எழுத வேண்டும். மெஷின் ஏன் நின்றது, அது ஏன் நடந்தது, அது ஏன் என்று ஐந்து தடவை கேட்டு, மூல காரணத்தைப் பிடிக்கிற பேப்பர் அது. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தகராறு. செல்வத்துக்கு முத்து முத்தாக வரும். அவன் எழுதி, அடியில் 'ப்ரிப்பேர்டு பை: இ. செல்வம்' என்று போட்டான். டீம் மெம்பர்ஸ் கட்டத்தில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது, சாப்பாட்டு இலையில் ஊறுகாய் வைத்த மாதிரி.

பிளான்ட் ஹெட் அந்த ஷீட்டைப் படித்து அசந்துபோனார். அடுத்த மாதம் ஜெர்மனியில் எங்கள் புது மெஷினுக்கு ட்ரையல். மூன்று வாரம். "செல்வம் போகட்டும்" என்றார்.

"நீ புடிச்சே, நான் எழுதுனேன், அவ்ளோதான்டா தயா. அடுத்த மெஷினுக்கு நீதான் போவே" என்றான் செல்வம். மனதார வாழ்த்தியதாகத்தான் மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போய்விட்டு வந்தான். எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தான். நான் ஷுகர் என்று சொல்லி வாங்கவில்லை. எனக்கு ஷுகர் கிடையாது. கும்மிடிப்பூண்டி புழுக்கத்தில் நைட் ஷிப்டுக்கு ஜெர்மனி ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வந்தான். இளைத்துவிட்டானே என்று யாரோ கேட்டதற்கு, "அங்க சாப்பாடு ஒத்துக்கல" என்றான். அவனுடைய வாட்ஸ்அப் படத்தில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மரங்கள். அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஓரத்தில் ஒரு ஸ்டீல் கம்பி தெரிந்தது. ஓட்டல் பால்கனி போலிருக்கிறது, அனுபவிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவியும் பார்த்தாள். "உங்ககூட சேந்தவருதானே? நீங்க ஏன் இங்கியே கீறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அன்று நான் சாப்பிடவில்லை.

2. கேட்டில் இருந்த தட்டு

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். ஆளுக்கு வருகிற தபால் அதில் கிடக்கும். ஒரு நாள் செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டார்.

"சார், இந்தப் பேர்ல யார்னா கீறாங்களா? ஃபாரின் ஸ்டாம்ப்பு ஒட்டிக்கீது."

கவரில் 'எஸ். ஏகாம்பரம்', கீழே எங்கள் கம்பெனி அட்ரஸ். மூலையில் கிளினிக் என்று அச்சடித்திருந்தது. எனக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

நம் பக்கம் அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அதை முழுசாக விரித்து, சர்நேம் என்ற கட்டத்தில் போட்டுவிடுவார்கள். விமானம் ஏறியதும் அப்பா பெயர்தான் நம் பெயர். இங்கே இ. செல்வம், அங்கே மிஸ்டர் ஏகாம்பரம். கம்பெனியில் அத்தனை பேரில் செல்வத்தின் அப்பா பெயர் ஞாபகம் இருந்த ஒரே ஆள் நான்தான். அவருடைய காரியத்துக்கு ஏரிக்கரையில் நின்றவன்.

'துரை ஜெர்மனியில் உடம்பெல்லாம் செக்கப் செய்துகொண்டு வந்திருக்கிறார். பணம் கட்ட மறந்துவிட்டார்' என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. "தெரியலப்பா, அங்கியே இருக்கட்டும்" என்றேன்.

இரண்டு வாரம் போனதும் பிளான்ட் ஹெட் மீட்டிங்கில் சொன்னார், இரண்டாவது மெஷினும் வருகிறது, ட்ரையலுக்குச் செல்வம் இல்லையென்றால் தயாளன், மாதக் கடைசியில் முடிவு செய்வேன் என்று. அதே வாரம் அடுத்த கவர் வந்தது. இதில் சிவப்பு எழுத்து இருந்தது. எச்ஆர் மேடம் அதை எடுத்துக்கொண்டு ஷாப் ஃப்ளோருக்கே வந்தார்.

"தயாளன் சார், நீங்க பழைய ஆளு. நம்ம கம்பெனில ஏகாம்பரம்னு யாராவது இருக்காங்களா?"

இருபதடி தள்ளி செல்வம் ஒரு வால்வுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது.

"இல்ல மேடம். அந்தப் பேர்ல யாருமே இல்ல."

மேடம் கவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் கணக்குப் போட்டது இதுதான். கட்டாத பில் என்றைக்காவது வெடிக்கும். வெடித்தால் செல்வத்தின் பெயர் அடிபடும், என் பெயர் மேலே வரும். இதற்குப் பெயர் பொறாமைதான். வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

3. கம்பெனி பஸ்ஸில்

ஒரு நாள் காலை பஸ்ஸில் செல்வம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பஸ் கவரைப்பேட்டை தாண்டியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தான்.

"தயா, யாராண்டயும் சொல்லாத. அங்க எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆச்சுடா. அஞ்சு நாள் ஆஸ்பத்திரி."



"ஆபரேஷன் ஆன ஆளுன்னு தெரிஞ்சா அடுத்த வாட்டி அனுப்ப மாட்டாங்க. அம்மாக்குத் தெரிஞ்சா ஊட்டையே ரெண்டு பண்ணிடும். அதான் சொல்லல. இன்சூரன்ஸ் பேப்பர் குடுத்துட்டு வந்தேன். எங்க குப்பத்துல தபால் ஒழுங்கா வராதேன்னு கம்பெனி அட்ரஸ்தான் குடுத்தேன். கேட்டாண்ட செல்வத்துக்கு லெட்டர் வந்துச்சான்னு கேட்டுக்கினே கீறேன், ஒண்ணுமில்லன்றாங்க. பேஜாரா கீது. கட்டியிருப்பாங்க, இல்ல?"

"கட்டியிருப்பாங்க" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"அந்தப் பனி போட்டோ இருக்குதே, அது ஆஸ்பத்திரி ஜன்னல்டா. எழுந்திரிக்க முடியல, படுத்துக்கினே எடுத்தேன்" என்று சிரித்தான். அப்படியென்றால் அந்த ஸ்டீல் கம்பி கட்டில் கம்பி.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"தலமாட்டுல ஏகாம்பரம்னு எழுதி மாட்டியிருந்தாங்க. நர்ஸம்மா வரும்போதெல்லாம் ஏகாம்பரம், ஏகாம்பரம்னு கூப்புடுது. எங்க நைனா நெஞ்சு வலின்னு சொல்லி, படகுல கரைக்கு வர்றதுக்குள்ள போய்ட்டாரு, உனக்குத்தான் தெரியுமே. ஒரு ஊசி போடல அவருக்கு. அங்க படுத்துக்கினு இருக்கும்போது, நைனாவை ஆஸ்பத்திரில சேத்து வைத்தியம் பாக்குற மாறியே இருந்துச்சுடா. அது ஒண்ணுதான் நிம்மதி."

அன்று கேட்டில் இறங்கியதும் நேராகப் போய்த் தட்டைப் பார்த்தேன். முதலில் வந்த கவரும் எப்போதோ திரும்பிப் போய்விட்டிருந்தது. செல்வத்திடம் சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை. பத்து நாள் இப்படியே தள்ளினேன். இந்தப் பத்து நாளுக்குப் பொறாமையைக்கூடக் காரணம் சொல்ல முடியாது. வெறும் பயம்.

4. ஐந்தாவது ஏன்

மூன்றாவது கவர் ஜெர்மனியில் மெஷின் செய்கிற கம்பெனி வழியாகப் பிளான்ட் ஹெட்டுக்கே வந்தது. உங்கள் ஆள் சிகிச்சை எடுத்துக்கொண்டு பில் கட்டவில்லை, அனுப்பிய கடிதமும் திரும்பி வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். இன்சூரன்ஸில் ஒரு கையெழுத்து குறைந்ததால் பணம் போகவில்லையாம். முதல் கடிதத்தையே பார்த்திருந்தால் ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்கும். இப்போது அதற்கான கெடு போய்விட்டது.

செல்வம், எச்ஆர் மேடம், நான் மூன்று பேரும் கேபினில் நின்றோம். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் மேடத்துக்குப் பெயர் விளங்கிவிட்டது.

"நான் தயாளன் சார்கிட்டயே கேட்டேன் சார். ஏகாம்பரம்னு யாருமே இல்லன்னாரு."

செல்வம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். பிளான்ட் ஹெட் கவனிக்கவில்லை. "அடுத்தவங்க அப்பா பேரு அவருக்கு எப்படிம்மா தெரியும்? தப்பு செல்வம் மேலதான். ஆஸ்பத்திரி விஷயத்தை மறைச்சாரு, பில்லை அவரே கட்டிக்கட்டும். அடுத்த ட்ரிப் தயாளனுக்கு. ஜெர்மனிக்காரனுக்கு ஒய்-ஒய் ஒண்ணு அனுப்பணும். தயாளன், நீங்களே எழுதுங்க."

நான் கேட்ட வரம் எல்லாம் ஒரே நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

வெளியே வராண்டாவில் செல்வம் என்னை நிறுத்தினான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"பில்லு போனா போவுது. நாலு மாசம் ஓ.டி. பாத்தா கட்டிடுவேன். ஏகாம்பரம்னு யாருமே இல்லன்னு சொன்னியாமே. அவரு கையால எவ்ளோ நண்டு துண்ணுகீறே நீ."

போய்விட்டான். 

ஷீட்டை எழுத உட்கார்ந்தேன். பில் ஏன் தாமதம்? கடிதம் ஆளுக்குப் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை? பெயர் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? செல்வம் முன்கூட்டியே சொல்லவில்லை. மூன்றாவது ஏன்-ஓடு நிறுத்தினால் ஷீட் அழகாக முடிகிறது. பிளான்ட் ஹெட் எதிர்பார்த்ததும் அதைத்தான். நானும் பேனாவை மூடிவிட்டேன். அப்புறம் திறந்து மூன்றாவதை அடித்தேன். பெயர் தெரிந்த ஒருவன் தெரியாது என்று சொன்னான். ஏன் சொன்னான்? செல்வம் போகாவிட்டால் தான் போகலாம் என்று நினைத்தான். ஏன் அப்படி நினைத்தான்? பொறாமை. இங்கிலீஷில் அந்த வார்த்தைக்கு ஸ்பெல்லிங் தெரியாமல் தமிழிலேயே எழுதினேன். அடியில் 'ப்ரிப்பேர்டு பை: ஜி. தயாளன்' என்று போட்டேன். அத்தனை வருஷ சர்வீஸில் அந்த இடத்தில் என் பெயர் வந்த முதல் ஷீட் அதுதான்.

பிளான்ட் ஹெட் இரண்டு தடவை படித்தார். "இதை ஜெர்மனிக்கு அனுப்ப முடியாதே தயாளன்" என்றார். பிறகு, லெட்டர் நம்ம கேட்டுக்கு வந்து திரும்பிப் போயிருக்கு, அப்ப பில் கம்பெனி பொறுப்பு என்று சொல்லி, பேங்க் வேலை முழுவதையும் என் தலையில் கட்டினார். தாமதக் கட்டணத்தை என் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். கரெக்டிவ் ஆக்‌ஷன் என்று எல்லாருடைய பாஸ்போர்ட் பெயரும் போட்ட லிஸ்ட் ஒன்று கேட்டில் ஒட்டப்பட்டது. இரண்டாவது மெஷினுக்கும் செல்வம்தான் போனான். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது, அதையும் மறைக்கவில்லை. பொறாமை வரும், பிள்ளைகளே, யாருக்கும் வரும். அதன் கையில் பேனாவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஷீட்டில் உங்கள் பெயர் வருகிற கட்டம் வரைக்கும் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

பணம் அனுப்ப கும்மிடிப்பூண்டியில் பேங்குக்குப் போன அன்று, கையெழுத்துக்காகச் செல்வமும் வந்திருந்தான். ஒரு வாரமாக அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கவுன்டரில் இருந்த அம்மா ஃபாரத்தையும் பில்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பில்லு வேற பேர்ல இருக்கே. உங்க கம்பெனில ஏகாம்பரம்னு யாராவது இருக்காங்களா?"

செல்வம் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"இருக்காரு மேடம். எனக்கு அவரை ரொம்ப வருஷமா நல்லாத் தெரியும்."

பாஸ்போர்ட் காப்பியைத் தள்ளினேன். அந்த அம்மா பார்த்துவிட்டு சீல் அடித்தார். இருவரும் வெளியே வந்து ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றோம். செல்வம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நாஷ்டா துண்ணியா?"