எதிர்ப்பக்கம் நின்றவள்

என் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைத்தது கல்லூரி நாளில். கண்ணாடி போட்டாலும் எதிரில் வருபவரின் முகம் கலங்கித்தான் தெரியும். நோய் வளராமல் நிறுத்திய பிறகு, போன வருடம் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்தார்கள். "கூம்பு அப்படியேதான் இருக்கும், பார்வை மட்டும் தெளியும்" என்றார் டாக்டர்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வரிச்சிக்குடியில் பஸ்ஸுக்கு நின்றேன். சாலைக்கு அந்தப் பக்கம் என் பள்ளித்தோழி நின்றிருந்தாள். சிரித்தேன். அவள் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து வந்தாள்.

"என்னையப் பாத்தா சிரிச்ச? மூணு வருஷமா எதிர்ல வந்தும் பேசாம போனியே. ஏதோ கோவம்னு நானும் விட்டுட்டேன்."

"கோவமெல்லாம் இல்லடி. நீன்னே எனக்குத் தெரியல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்தது. நான் அடுத்த பஸ்ஸில்தான் போனேன்.