ஹானா வீட்டுப் பூசை

ஹானா தன் கணவன் டென்னியின் வலது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு குதிகாலைப் பார்த்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். சிவப்பு வெளுத்தது, விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. நல்லது. வெளுக்காத சிவப்புதான் படுக்கைப் புண்ணுக்கு முதல்படி. ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்து, பவுடர் தூவி, கெண்டைக்கால் அடியில் தலையணையைச் செருகினாள். குதிகால் மெத்தையில் படாமல் நின்றது.

"எழவு," என்றான் டென்னி.

"குளிருதுன்னு தெரியுது. இரு, மூடறேன்."

வாதம் வந்து வலப்பக்கம் விழுந்த நாளிலிருந்து டென்னியிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். தேநீர் வேண்டுமென்றாலும் எழவு, போதுமென்றாலும் எழவு. வலித்தாலும் அதுதான், பாஸ்டனிலிருந்து மகள் அனுப்பிய பேரன் படத்தைக் காட்டினாலும் அதுதான். கேட்கிறவர்களுக்கு அது வசவு. ஹானா குரலை வைத்துப் பொருள் பிரித்துக்கொள்வாள்.

வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். டென்னியின் தம்பி கோர்னி. பெரிய தெருவில் துணிக்கடை வைத்திருப்பவன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றான். அண்ணன் படுக்கையில் விழுந்ததிலிருந்து அந்த நிலைப்படியை அவன் தாண்டியதில்லை.

"அண்ணி, பூசை விஷயமாப் பேச வந்தேன்."

"பேசு. உள்ள வந்தும் பேசலாம்."

அவன் வரவில்லை. "தெருவுல எல்லாரும் பேசினோம். இந்தத் தடவை உங்க வீட்டை விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடலாம். மேட்ஜ் எடுத்துக்கறேங்கறா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"நான் நினைப்பேன்."

பாலினக்ரா ஊரில் வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை, தெருவுக்குத் தெரு ஏதாவது ஒரு வீட்டில் பூசை நடக்கும். பங்குச்சாமியார் வருவார். அடுக்களை மேசைதான் பீடம். தெரு மொத்தமும் அந்த வீட்டுக்குள் அடைந்து நிற்கும். முடிந்ததும் அங்கேயே காலைச் சாப்பாடு. வீடு வீடாக முறை சுற்றி வரும். அந்த வசந்தத்தில் பவுண்டு தெருவில் ஹானாவின் முறை.

"கட்டில் அடுக்களைல இருக்கே, அண்ணி."

"இங்கதான் சூடு இருக்கு."

"சாமியார் அப்பத்தைத் தூக்கறப்ப அண்ணன் அந்த வார்த்தையைச் சொல்லிட்டா?"

"கேட்டுக்குவார். அவர் காதுல விழாததா? பாவசங்கீர்த்தனத்துல அவர்கிட்ட உன் பாவத்தைச் சொல்றப்ப நீ என்ன தாலாட்டா பாடறே?"

கோர்னி தொப்பியைச் சுற்றினான். "சரி, நடத்துங்க. ஆனா அந்த ஒரு வாரம் அண்ணன் கவுண்டி இல்லத்துல இருக்கட்டும். டாக்டர்கிட்டச் சொல்லிக் கட்டில் பிடிச்சு வச்சிருக்கேன். ஒரே வாரம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், நீங்களும் படுத்துத் தூங்கலாம்."

முடியாதவர்களை வைத்துப் பார்க்கும் அந்தக் கவுண்டி இல்லம் எப்படிப்பட்டது என்று ஹானாவிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வந்த சின்ன வயதில் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தாள். கழுவுவது, ஊட்டுவது, புரட்டுவது, கடைசியில் கண்ணை மூடிவிடுவது எல்லாம் அங்கே கற்றதுதான். டென்னியை அவள் முதலில் பார்த்ததும் அங்கேதான். பால் லாரியோடு பின்வாசலுக்கு வருவான். இல்லத்தைப் பற்றி அவளுக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் போதுமான பேர் இல்லை. ஒரு வாரம் என்று வந்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். போட்டு வந்த கோட்டை மடித்து அலமாரியில் வைப்பார்கள். பிறகு அந்தக் கோட்டு வேறு யாருக்காவது போகும்.

"கட்டில் வேண்டாம்னு சொல்லிடு," என்றாள்.

"யோசிங்க, அண்ணி. நான் வச்சிருக்கச் சொல்றேன்."

அவன் போனதும் அவள் எழுந்தாள். எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. தொல்லை அங்கேதான். டென்னி பெரிய உடம்புக்காரன். ஊரின் கயிறு இழுக்கும் அணியில் கடைசி ஆளாக இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றவன். அவனைப் பகலும் இரவும் தனியாகப் புரட்டிப் புரட்டி அவள் முதுகு போய்க்கொண்டிருந்தது. டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்: காலையும் மாலையும் தூக்க இன்னொரு ஆள் கிடைத்தால் வீட்டிலேயே வைத்துக்கொள், கிடைக்காவிட்டால் கவுண்டி இல்லம். உன் முதுகும் போனால் நான் இரண்டு கட்டில் தேடணும்.

ஆள் இல்லாத தெரு இல்லை அது. எல்லோரும் நல்லவர்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உடனே திராட்சை ரொட்டி சுட்டு எடுத்து வருவார்கள். வாசலில் நின்று, "எப்படி இருக்கார்? தொந்தரவு பண்ண விரும்பல," என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். நோயாளி இருக்கும் அறைக்குள் கால் வைப்பது மரியாதைக்குறைவு என்று அவர்களாக முடிவு செய்திருந்தார்கள். ஹானாவின் அலமாரி முழுக்க ரொட்டி.

"தூக்கறதுக்கு நீ கேட்டா வர மாட்டாங்களா?" என்றாள் பக்கத்து வீட்டு மேட்ஜ், அன்று மாலை. அவள் கையிலும் ஒரு ரொட்டி இருந்தது.

"மோஸிகிட்டக் கேட்டேன். எப்ப வேணா கூப்பிடு அக்கான்னான். மறுநாள் ஒரு மூட்டை விறகை வாசல்ல போட்டுட்டு ஓடிட்டான்."

மோஸி சைக்கிள் கடைக்காரன். கயிறு இழுப்பதில் டென்னிக்கு முன்னால் நின்றவன்.

"பயம், ஹானா. அவ்வளவு பெரிய மனுஷன் இப்படிக் கிடக்கறதைப் பார்க்க முடியல அவனுக்கு."

"எனக்கு மட்டும் கண்ணு இல்லையா?"

மேட்ஜ் ரொட்டியை மேசையில் வைத்தாள். "அதுக்குத்தான் சொல்றேன், இந்தத் தடவை பூசையை நான் எடுத்துக்கறேன். நீ படற பாடு போதாதா?"

"மேட்ஜ், இந்தத் தெரு மொத்தமும் என் அடுக்களைக்குள்ள வர்றதுக்கு எனக்கு வேற எந்த நாள் இருக்கு சொல்லு? யாரும் வாசல்ல நின்னு பூசை பார்க்க முடியாது. உள்ள வந்தே ஆகணும். இந்தக் கட்டிலைத் தொட்டுக்கிட்டுத்தான் முட்டி போடணும்."

மேட்ஜ் சட்டைக்கையை மேலே சுருட்டினாள். "நீ அடங்காத பொம்பளைடி," என்றாள். "சுண்ணாம்பு எங்க இருக்கு?"

சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னல் சட்டத்துக்குப் பச்சை வர்ணம் பூசினார்கள். பூசைக்கென்று தெருவில் சுற்றிவரும் நல்ல கோப்பைகள் ஒரு வீட்டிலிருந்தும், வெள்ளி முட்டைக்கிண்ணம் ஒரு வீட்டிலிருந்தும், நாற்காலிகள் எல்லா வீடுகளிலிருந்தும் வந்தன. கட்டில் மட்டும் அடுப்போரத்திலேயே இருந்தது. அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் வைக்கப்பட்டது.

பூசையன்று ஹானா வேளையோடு எழுந்து டென்னியைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, கழுத்துப்பட்டை வைத்த சட்டை போட்டு, இடப்பக்கமாகச் சாய்த்து வைத்தாள். கழுவிக் கழுவிச் சிவந்த கன்னங்களோடு தெருக்காரர்கள் வந்தார்கள். ஆண்கள் வழக்கம்போல் கதவோரம் ஒண்டினார்கள். பின்னால் வந்தவர்கள் தள்ளத் தள்ள ஒவ்வொருவராகக் கட்டில் பக்கம் வந்து சேர்ந்தார்கள். மோஸி கடைசியில் டென்னியின் கால்மாட்டில் வந்து சிக்கிக்கொண்டான். கோர்னி உள்ளே வந்து சுவரோடு சுவராக நின்றான்.

"வாங்கய்யா, நகருங்க, கடிக்க மாட்டான்," என்றாள் ஹானா.

பங்குச்சாமியார் கண்டிப்பானவர். பூசையில் குழந்தை அழுதாலே நிறுத்திவிட்டுப் பார்ப்பவர். பிரசங்கம் வரை டென்னி வாய் திறக்கவில்லை. சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்றத்தின்போதும் திறக்கவில்லை. கோர்னி மூச்சை விட்டது அறை முழுக்கக் கேட்டது.

அப்பத்தை நன்மையாகக் கொடுக்கும் நேரம் சாமியார் முதலில் கட்டிலருகே வந்தார். டென்னிக்கு விழுங்குவது சிரமம் என்பதால் ஹானா ஒரு கரண்டியில் தண்ணீரோடு நின்றாள்.

"கிறிஸ்துவின் சரீரம்," என்றார் சாமியார்.

டென்னி அவரை நேராகப் பார்த்து, தெளிவாக, "எழவு," என்றான்.

பின்னாலிருந்து யாரோ இருமலை வைத்துச் சிரிப்பை மூடினார்கள். சாமியாரின் கை அந்தரத்தில் நின்றது.

"அது ஆமென், சாமி," என்றாள் ஹானா. "அவனுக்கு வேற சொல் இல்ல. சின்னதாக் கிள்ளிக் கொடுங்க, பெருசு தொண்டைல சிக்கும்."

சாமியார் அவளைப் பார்த்தார், டென்னியைப் பார்த்தார். கிள்ளிக் கரண்டியில் வைத்தார். ஹானா ஊட்டினாள், விழுங்கும் வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆச்சு," என்றாள். பூசை தொடர்ந்தது.

முடிந்ததும் மேட்ஜ் முட்டையை வேகப்போட்டாள். ஆண்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு முற்றத்துப் பக்கம் நழுவப் பார்த்தார்கள். ஹானா தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தேநீர் அப்புறம். டென்னியைப் புரட்டற நேரம் ஆச்சு. மோஸி, கோட்டைக் கழட்டு."

"நானா, அக்கா?"

"உன் பேரு மோஸிதானே?"

"சாமி இருக்கறப்ப எதுக்கு அண்ணி இதெல்லாம்," என்றான் கோர்னி மெல்ல.

"சாமி இருக்கறப்பதான்." அவள் எல்லோரையும் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "டாக்டர் சொன்னதை ஒரு தடவை சொல்லிடறேன். தூக்க ரெண்டு பேர் இருந்தா டென்னி இங்க இருப்பான். இல்லைன்னா கவுண்டி இல்லம். என் முதுகு போயிடுச்சு. அலமாரி நிறைய ரொட்டி இருக்கு, உங்க எல்லாருக்கும் நன்றி. ரொட்டியை வச்சு ஆளைப் புரட்ட முடியல."

யாரோ பூட்ஸைத் தரையில் தேய்த்தார்கள். மோஸி கோட்டைக் கழற்றினான். முகம் வெளுத்திருந்தது. குனிந்து, டென்னியின் வலது கையைப் பிடித்து இழுக்கப் போனான். ஹானா அவன் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள்.

"செத்த கையை இழுக்காதே, தோள் கழண்டுடும். இந்தத் துணி இருக்கு பாரு அவன் அடியில, அதைச் சுருட்டிப் பிடி. முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு. கயிறு இழுக்கத் தெரியும்ல? அதேதான். நான் சொன்னதும்."

சொன்னாள். டென்னி சுலபமாக மேலே வந்து மறுபக்கம் திரும்பினான். அவள் தனியாகச் செய்தால் மூச்சு வாங்கும் வேலை அது.

"எழவு," என்றான் டென்னி, மோஸியைப் பார்த்து.

"என்ன சொல்றான்?"

"உன் கை ஐஸ் மாதிரி இருக்காம்."

மோஸி சிரித்துவிட்டான். கண்ணைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு, "கிழவா, உன் எடை இன்னும் குறையலடா," என்றான்.

சாமியார் முட்டையின் தலையைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: அடுத்த பூசை யார் வீட்டில்? அந்த மேசையில், எல்லோர் காதிலும் விழ, ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது. பாலினக்ராவில் அப்படிப் பின்வாங்கியவர் கிடையாது. அவர் கேட்டார். தன் வீட்டில் என்றாள் மேட்ஜ்.

"இன்னொன்னும் கேளுங்க, சாமி," என்றாள் ஹானா. "நாளைக்குக் காலைல டென்னியைத் தூக்க யாருன்னு கேளுங்க."

சாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. "கேட்டாச்சே," என்றார். "யாரு?"

ஹானா வாய் திறக்கவில்லை. இந்த இடத்தில் பேசிவிட்டால் அவர்களைத் தப்பிக்கவிட்டதாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான்," என்றான் மோஸி.

"சாயங்காலம்?" என்றார் சாமியார்.

"நான் வர்றேன்," என்றார் தபால்காரர். "என் பையனையும் கூட்டிட்டு வர்றேன்," என்றது கதவுப் பக்கமிருந்து ஒரு குரல். செவ்வாய், புதன் என்று மேட்ஜ் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். கோர்னி தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை கடை கிடையாதுல்ல, கோர்னி?" என்றாள் ஹானா.

"கிடையாது."

"அப்ப ஞாயிறு உனக்கு."

அவன் தலையை அசைத்தான். அசைத்ததைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

மறுநாள் காலை மோஸி வந்தான். சைக்கிள் கடை எண்ணெய் நகக்கண்ணில் இருந்ததால் ஹானா அவனை மறுபடி கைகழுவ அனுப்பினாள். இருவருமாக டென்னியைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்தார்கள். குதிகால் சுத்தமாக இருந்தது. கஞ்சியை ஊட்டச் சொல்லிக் கரண்டியை மோஸி கையில் கொடுத்துவிட்டு, அவள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பெரிய தெருவுக்கு நடந்தாள்.

கோர்னி கடையின் மரப்பலகைகளை அப்போதுதான் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தத் தெருவில் டெலிபோன் இருந்தது அவன் கடையில்தான்.

"அந்தக் கட்டிலை விட்டுடச் சொல்லு," என்றாள். "காத்துக்கிட்டிருக்கறவங்க இருப்பாங்க."

"பத்து மணிக்கு மேல பேசறேன், அண்ணி."

"இல்லத்து மேட்ரன் ஆறு மணிக்கே வந்துடுவாங்க. எனக்குத் தெரியும்."

அவன் இணைப்பு கேட்டு, பெயரைச் சொல்லி, கட்டில் தேவையில்லை, ஆமாம், வீட்டிலேயேதான், ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி முடிக்கும் வரை ஹானா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் டெலிபோனை வைத்ததும், டென்னியின் அடியில் விரித்துப் புரட்ட இரண்டு முழம் கெட்டித் துணி வெட்டச் சொன்னாள். அவன் அளந்து வெட்டினான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மோஸி கடை திறக்க நேரமாகிறது என்பதால், வந்ததைவிட வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.