வெங்காயத்துக்கு எதுக்கு கிரானைட்?

போன வாரம் திண்டுக்கல்லில் தங்கவேலின் வெங்காய கமிஷன் கடையில் உட்கார்ந்திருந்தேன். நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெற்றோர். கடையின் இன்னொரு பார்ட்னர் முத்துராஜின் மகள் ஹரிணியைப் பற்றி விசாரிக்க!

நம் பக்கம் இது உண்டுதானே? பெண் வீட்டில் காபி குடித்துவிட்டு, உண்மையை வேறு இடத்தில் கேட்பது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போய், பூ வைக்க நாள் குறிப்பதுதான் பாக்கி. அப்பாவின் கூட்டாளியைவிட நல்ல சாட்சி யார்?

பாவம், அவர்களுக்குத் தெரியாது – கூட்டாளிகளுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை.

முத்துராஜ் வீட்டின் கீழ்த்தளம்தான் பல வருஷமாகக் கடையின் குடோன். அதைப் புதுப்பிக்கும் செலவில் பாதி கடைக் கணக்கில் என்று வாய்ப்பேச்சு. கல்யாணம் பேசும் வீடல்லவா... மாடிக்கு டைல்ஸ், படிக்கு கிரானைட், புது பாத்ரூம் என்று வேலை வளர்ந்தது. எல்லாவற்றிலும் பாதியைக் கடைக் கணக்கில் எழுதிவிட்டார்.

“வெங்காயத்துக்கு எதுக்குய்யா கிரானைட்டு?” என்றார் தங்கவேல்.

“இம்புட்டு வருஷமா வாடகையில்லாம மூட்டை அடுக்குனோமே, அதைக் கேட்டேனா?” என்றார் முத்துராஜ்.

இருவர் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதுதான் வம்பே! வக்கீல் நோட்டீஸ் பறந்தது. முகத்தில் விழிக்கக்கூடாதென்று ஒருநாள் விட்டு ஒருநாள் கடைக்கு வந்தார்கள்.

அன்று தங்கவேலின் முறை.

“ஏனுங்க, புள்ளை எப்படிங்க?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

தங்கவேல் தராசில் ஒரு மூட்டையை ஏற்றினார். “வீடு பிரமாதமாக் கட்டியிருக்காங்க. யார் காசுன்னு மட்டும் கேட்டுராதீங்க.”

அம்மாள் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இரண்டொரு நாளில் சம்பந்தம் முறிந்தது. ஜாதகம் சரியில்லையாம்.

தங்கவேலை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கடைக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் ஹரிணி. அவள் அம்மாவுக்கு உடன்பிறந்த ஆண் யாருமில்லை. தங்கவேல் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினார்கள்.

வந்தவள் அழவில்லை. சத்தம் போடவில்லை.

“மாமா, அவங்க என்னையப் பத்தித்தான கேட்டாங்க? நீங்க ஏன் வீட்டைப் பத்திச் சொன்னீங்க?”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. நான் கேட்க வந்த நாலு வார்த்தையையும் அவளே கேட்டுவிட்டாள்.

உங்களிடமும் ஒருநாள் யாராவது விசாரிக்க வருவார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்... புண்ணியமாகப் போகும்.