மாதா கோயிலின் பொய் ஜன்னல்

நம்பினா நம்புங்க தம்பி, இல்லாட்டி டீயக் குடிச்சிட்டுப் போங்க, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. பேய், ஆவின்னு யாராவது பேச்செடுத்தா முதல்ல சிரிக்கிறவ நான்தான். எங்க அலோன் தெருவுல, பர்மாக்காரங்க கும்பிடுற நாட் தெய்வம் மேல இறங்கிடுச்சுன்னு ஆடுன பொம்பளையவே, போதும்டி உக்காரு, இடுப்பு பிடிச்சிக்கப் போவுதுன்னு சொன்னவ நான். அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் இது நடந்துச்சு, அதுவும் பட்டப்பகல்ல.

எங்க வீட்டுக்காரர் அந்தோணி சுண்ணாம்புக் கொத்தனாரு. தொண்ணூத்தாறுல த்வாண்டே ஊருக்கு ஆத்துல போற வழியில ஒரு தீவு, அங்க இருக்கிற மாதா கோயிலுக்குப் பூச்சு வேலைக்குப் போனோம். அந்தக் காலத்துல இங்க நெல்லு அறுக்க வந்த நம்ம தமிழ் ஜனங்க சிப்பி சுட்டு, சுண்ணாம்பு அரைச்சுக் கட்டுன கோயிலாம், வரைஞ்சு குடுத்தது ஏதோ கப்பல்ல வந்த சாமியாரு. அந்தச் சேத்துத் தீவுல அப்படி ஒரு முகப்பு எதுக்குன்னு தெரியல. முறுக்குன துணி மாதிரி தூணு, ரெண்டு பக்கமும் சுருள் சுருளா வளைவு, மேல றெக்கை வச்ச சம்மனசுக் குழந்தைங்க தலை. உள்ள போனா சாதாரண தகரக் கூரைதான். முகப்புச் சுவரு மட்டும் கூரையத் தாண்டி ஒண்ணரை ஆள் உசரம் தனியா நிக்கும். அந்த உசரத்துல மூணு ஜன்னல். ரெண்டுல வானம் தெரியும், நடுவுல இருக்கிறது பொய் ஜன்னல், சட்டம் கதவு எல்லாமே சுண்ணாம்புலயே செஞ்சது. பாக்க எடுப்பா இருக்கட்டும்னு வச்சிருக்காங்க. அதுக்குப் பின்னாடி ஒரு முழம் செங்கல், அதுக்குப் பின்னாடி வெறும் காத்து.

அவரு மூங்கில் சாரத்து மேல, நான் கீழ. சுண்ணாம்பு சலிச்சு, வெல்லத் தண்ணி விட்டுக் குழைச்சு வாளியில போடுவேன். கத்திப் பேசுனா தொண்டை போயிடும்னு எங்களுக்குள்ள ஒரு கணக்கு, வாளி கட்டுன கயித்த ரெண்டு தரம் இழுத்தா வாளி அனுப்பு, ஒரு தரம் இழுத்தா நிறுத்து. இருபது வருஷமா அதுதான் எங்க பேச்சு.

அன்னைக்கு உச்சி வெயில். நடு ஜன்னலப் பூசிக்கிட்டு இருந்தாரு. ரெண்டு இழுப்பு வந்துச்சு, அனுப்புனேன். கொஞ்ச நேரத்துல மூணு இழுப்பு. மூணுன்னு எங்களுக்குள்ள ஒண்ணும் கிடையாதே. விளையாடுறாருன்னு நெனச்சு நானும் மூணு தரம் இழுத்தேன். மறுபடி மூணு, வெடுக்கு வெடுக்குன்னு. "சுண்ணாம்பு இறுகுது, உங்களுக்கு விளையாட்டாய்யா?"ன்னு குனிஞ்சபடியே திட்டுனேன். தலையத் தூக்கிப் பாக்கல தம்பி. அதுதான் நான் பண்ணுன பாவம்.

கயிறு தொளதொளன்னு ஆனப்புறம்தான் பாத்தேன். சாரத்துல ஆள் இல்ல. விழுந்திருந்தா என் தலை மேலதான் விழணும், பின்பக்கம்னா தகரம் நசுங்கியிருக்கணும், ஒரு கீறல் இல்ல. ஏணி என் பக்கத்துலயே இருக்கு, செருப்பு ரெண்டும் ஏணியடியில இருக்கு. கோயிலப் பாத்துக்கிற பர்மாக்காரர் ஊ பா சோ, சம்பான் படகு எடுத்துக்கிட்டு ஆறு பூரா தேடுனாரு. போலீஸ்காரன் சிரிச்சிக்கிட்டே தாய்லாந்து ஓடியிருப்பான், வேற பொம்பளை இருக்கும்னான். செருப்பில்லாமலான்னு கேட்டேன்.

மறுநாள் ஊ பா சோ சாரத்துல ஏறுனாரு, இறங்குறப்ப அவரு முகமே சரியில்ல. நானே ஏறுனேன். அந்தப் பொய் ஜன்னல்ல, புதுப் பூச்சுல, ஒரு கை. வெளியில இருந்து அழுத்துன தடம்னா குழியால்ல இருக்கணும்? இது புடைச்சிக்கிட்டு நிக்குது, கொசுவலைக்குள்ள இருந்து கைய வச்சுத் தள்ளுன மாதிரி. மோதிர விரல்ல ஒரு கணு இல்ல. கப்பல் வேலை செஞ்சப்ப கயித்துல மாட்டி எங்க வீட்டுக்காரருக்குப் போன அதே கணு.

கூப்பிட்டேன், தட்டுனேன், காதை வச்சுப் பாத்தேன். சுவரு சுவராத்தான் இருந்துச்சு. இடிக்கச் சொல்லலாமா? உள்ள இருந்தா இடி அவரு மேல பட்டுச்சுன்னா? இடிச்சும் ஆள் இல்லன்னா? அழறதத் தவிர ஒண்ணும் செய்யத் தெரியல.

ரெண்டாயிரத்தெட்டுப் புயல்ல கூரை பறந்துடுச்சு, முகப்பு மட்டும் அசையல. இப்ப புது சாமியாரு, நல்ல மனுஷன்தான், ரிப்பேர் பாக்குறாரு. "ஆரோக்கியம் அம்மா, திங்கக்கிழமை ஆளுங்க வர்றாங்க. அந்தப் புடைப்பக் கொத்திட்டு சமமாப் பூசிடுவோம், உங்களுக்குச் சம்மதம்தானே?"ன்னு கேட்டாரு. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டு, முந்தாநாள் ஏறிப் பாத்தேன். அன்னைக்கு அந்தக் கையில நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்துச்சு தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு நான்தான் வெட்டிவிடுவேன். பதினாலு வருஷம் கழிச்சு இப்பப் பாக்குறேன், வளந்திருக்கு.

நாளைக்குத் திங்கக்கிழமை. சாமியாருக்கு நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.