பதினொரு சொம்புத் தண்ணீர்

என் மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது, கிணற்றடியில் குடத்தைத் தூக்கிய வாக்கில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுபதுகளின் கடைசி, திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் குடியிருந்தோம். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எலும்புல ஒண்ணும் இல்லம்மா. நல்லா நடமாடுங்க, சரியாயிடும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! உயிர் போகிற வலி, ஒன்றும் இல்லையாம்.

என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். அதுதான் வினை. குனியாதே, தூக்காதே என்று அரிசி டின்னிலிருந்து துடைப்பம் வரை எல்லாவற்றையும் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிட்டார். பார்க்க வந்த தெருப் பெண்கள் ஆளுக்கொரு சாத்துக்குடியும் ஆளுக்கொரு கதையும் கொண்டுவந்தார்கள். "எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அப்புறம் எழுந்திருக்கவே இல்ல, பாவம்." அதுவரை சும்மா இருந்த இடுப்பு, இதைக் கேட்டதும் விண்ணென்று தெறிக்கும். ஓர் அடி எடுத்து வைத்தால் உள்ளே ஏதோ உடைந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

இதில் பறிபோனது என் குழந்தை. பால் கொடுக்கும்போது மட்டும் என் மடியில் கிடத்துவார்கள். மற்ற நேரமெல்லாம் என் நாத்தனாரின் இடுப்பில்தான் வாசம். பதினொரு மாதம் ஆனபோது, நான் கையை நீட்டினால் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். வயிறு எரியும். யார்மேல் கோபப்படுவது?

கார்த்திகை முடிந்ததும் நாத்தனாருக்குக் கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. தை மாசம் கல்யாணம். ஒருநாள் அவள் குழந்தையும் கையுமாக என்னைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போனாள்.

"அண்ணி, நான் போயிட்டா இவ யார்கிட்ட போவா?"

"என்னடி பண்ணச் சொல்ற? தூக்கினா இடுப்பு போயிடும்."

"போன வாரம் சினிமாக் கொட்டாயில மூணு மணி நேரம் பெஞ்சுல உக்காந்து சிரிச்சீங்களே, அப்ப போகலையா?"

"அப்ப நான் வேஷம் போடறேன்னு சொல்றியா?"

"ஐயோ, வலி இல்லன்னு யார் சொன்னா? வலி இருக்குது. பயம் அதைவிட ஜாஸ்தியா இருக்குது, அவ்ளோதான்."

இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய், "சரி, இன்னா பண்ணணும் சொல்லு" என்றேன்.

குழந்தையையும் காலிக் குடத்தையும் தூக்கிக்கொண்டு தெருமுனை மல்லாக்கொட்டை மண்டிக்குப் போனாள். வேர்க்கடலை மூட்டை நிறுக்கும் தராசில் ஒரு தட்டில் குழந்தை, மறு தட்டில் குடம். முள் நடுவில் நிற்கும் வரை சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். பதினொரு சொம்பு பிடித்தது. "துலாபாரத்தை எதுக்கும்மா இங்க வந்து செய்யறே?" என்று மண்டிக்காரர் கேட்டாராம்.

மறுநாள் கொல்லையில் குடத்துக்குள் ஒரே ஒரு சொம்புத் தண்ணீர். இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி வந்தேன். இரண்டு நாளைக்கு ஒரு சொம்பு ஏறியது. ஏழாவது சொம்பில் சுளீரென்றது. போச்சு, அந்தச் சித்தி கதிதான் நமக்கும் என்று உட்கார்ந்துவிட்டேன். "நாளைக்கும் ஏழே போதும் அண்ணி" என்றாள். மறுநாளும் ஏழோடு நடந்தேன். வலித்தது, ஆனால் எதுவும் உடையவில்லை. ஒன்பதாவது சொம்பு அன்று வீட்டுக்காரர் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார். நான் விடுவேனா? கால் மணி நேரம் பதிலுக்குப் பதில் கத்தினேன். ஓய்ந்த பிறகுதான் குடம் இன்னும் என் இடுப்பிலேயே இருப்பது தெரிந்தது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

கல்யாணத்துக்கு முன்பே பதினொன்றை எட்டிவிட்டேன். ஆனால் குழந்தைதான் என்னிடம் வரவில்லை.

கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. வேனில் ஏறப்போன அத்தையைப் பார்த்து, வீட்டுக்காரர் கையிலிருந்த குழந்தை வீறிட்டது. நாத்தனாரின் கை தானாக நீண்டது. சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு என்னைப் பார்த்தாள். நான் குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். துள்ளினாள், பின்னால் சாய்ந்தாள், தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர்க் குடம் இந்தப் பாடு படுத்தியதில்லை. இடுப்பு வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று தேரடி வீதியில் நடந்துகொண்டே இருந்தேன். கோபுர வாசல் வருவதற்குள் அழுகை விக்கலாகி, அவள் தலை மெல்ல என் தோளில் சாய்ந்தது.

பின்னாலேயே ஓடிவந்த வீட்டுக்காரர், "குடு, நான் தூக்கிக்கிறேன். உனக்கு வலிக்கும்" என்றார்.

"வலிக்குதுதான். தரமாட்டேன், போங்க" என்றேன்.