கடைசி அத்தியாயம் படிக்காத அக்கா

கோட்டக்குப்பத்து அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மல்லாட்டை உடைபடும் சத்தம்தான். திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நாங்கள் எல்லாரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, அக்கா தன் பங்கு ஐந்தையும் ஒவ்வொன்றாக உடைத்து, தோலை மடியில் போட்டுக்கொண்டு, பருப்பை நிதானமாக மென்றார். வேர்க்கடலை தின்பதில் இவ்வளவு கோபத்தைக் காட்ட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் வாசகர் வட்டத்தின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. மாதத்தின் முதல் ஞாயிறு கூடுவோம். ஒவ்வொரு மாதமும் ஒருவர் புதிதாக வெளிவந்த நாவல் ஒன்றைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைச் சொந்தமாகவோ இரவலாகவோ வாங்கிப் படித்துவிட்டு வர வேண்டும். மதிப்பெண் போடுவதில் ஆரம்பத்தில் பெரிய ரகளை. சீட்டில் எழுதினால் கையெழுத்து காட்டிக்கொடுத்தது. கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத் தூக்கினார்கள். காணையிலிருந்து வரும் கரும்பு விவசாயி அண்ணன்தான் ஒரு நாள் பை நிறைய வறுத்த மல்லாட்டையைக் கொண்டுவந்து வழி சொன்னார். ஆளுக்கு ஐந்து. புத்தகத்துக்கு எத்தனை தருகிறோமோ அத்தனையை மூடி போட்ட தூக்குச் சட்டிக்குள் போட வேண்டும், மிச்சத்தைத் தின்றுவிட வேண்டும். "புத்தகம் நல்லா இல்லன்னா வயிறாச்சும் ரொம்பட்டுமே" என்றார். யார் எத்தனை போட்டார்கள் என்பது பரம ரகசியமாம். நாற்காலிக்கடியில் தோல் குவிந்து கிடக்கும்போது என்ன ரகசியம் வேண்டியிருக்கிறது? ஆனாலும் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது.

வட்டத்தை நடத்துபவர் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் சார். நான் விழுப்புரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஞாயிறு எனக்கு விடுமுறை, பஸ் ஏறி வந்துவிடுவேன். எல்லாரையும்விட அதிகம் சிரமப்பட்டு வந்தவர் கோட்டக்குப்பத்து அக்காதான். புதுச்சேரி போய், பஸ் மாறி, வெயிலில் கறுப்பு புர்காவோடு மாடி ஏறி வரும்போது மூச்சு வாங்கும். ஆனால் உட்கார்ந்த கையோடு பேச ஆரம்பித்துவிடுவார். நாங்கள் பின்னட்டையில் இருப்பதைச் சுற்றிச் சுற்றி வளர்த்துக்கொண்டிருக்கும்போது, "அந்த மாமியாக்காரி மூணாவது அத்தியாயத்துல அழுவறா பாருங்க, அது பொய் அழுகை, எழுதனவருக்கே அது தெரியல" என்பார். போய்ப் புரட்டிப் பார்த்தால் பொய் அழுகைதான். அக்காவின் பேச்சைக் கேட்கத்தான் நான் பாதி நாள் போனேன்.

அவரிடம் ஒரே ஒரு விநோதம். எந்த நாவலிலும் கடைசி அத்தியாயத்தைப் படிக்க மாட்டார். அந்தப் பக்கங்களை மட்டும் சேர்த்து ஒரு ஊக்கு குத்திவிடுவார். கூட்டத்தில் பேச்சு முடிவுக்கு வந்ததும் எழுந்து வெளியே மாடிப்படிக்குப் போய் நின்றுகொள்வார். பேசி முடித்ததும் யாராவது போய்க் கூப்பிட வேண்டும். போஸ்ட்மாஸ்டர் சாருக்கு இது பொறுக்காது. முழுசாகப் படிக்காதவர் எப்படி மதிப்பெண் போடலாம் என்பது அவர் வாதம். "தந்தியப் பாதி படிச்சிட்டு மடிச்சி வெக்கற மாதிரி இருக்குதும்மா" என்று அலுத்துக்கொள்வார். அக்கா சிரித்துக்கொண்டே தன் மல்லாட்டைகளைத் தூக்கில் போடுவார்.

ஒரு முறை கூப்பிடப் போன நான், கூப்பிடாமல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். மழைக்காலம். கீழே பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அக்காவே சொன்னார். வீட்டுக்காரர் வளைகுடாவில் டிரைவர். வாரம் தவறாமல் பேசிக்கொண்டிருந்தவர், ஒரு பெருநாளுக்குப் பிறகு பேசவில்லை. அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. வேலை பார்த்த இடத்தில் கேட்டால், அவர் எப்போதோ போய்விட்டார் என்கிறார்கள். கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு ஊரைச் சொல்கிறார்கள். அவர் உயிரோடு இல்லை என்று முடிவுகட்டி, ஆக வேண்டியதைச் செய்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரரின் அண்ணன். வேறு நிக்காஹ் பேசலாம் என்கிறது அம்மா வீடு. "என் வூட்ல எல்லாரும் கடைசி பக்கத்துக்கு அவசரப்படறாங்க" என்றார் அக்கா. பிறகு மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "படிச்சி முடிச்சிட்டா முடிஞ்சிடும் பாப்பா. முடிக்காம வெச்சா அவரு எங்கியோ வந்துக்கினேதான் இருப்பாரு." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் கம்பி மாதிரி சில்லென்று இருந்தது.

அதன் பிறகு நானும் அக்காவோடு சில இடங்களுக்கு அலைந்தேன். விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போனோம். அக்கா முக்காட்டுக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார். எங்கே போனாலும் கடைசியாகப் பேசியது எப்போது என்று கேட்பார்கள். அந்தப் பெருநாளையே திரும்பத் திரும்பச் சொல்லி அவருக்கு வாய் வறண்டுவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் மடியில் அந்த மாதத்து நாவல் விரிந்திருக்கும். படிக்கிறாரா, பக்கத்தை மட்டும் திருப்புகிறாரா என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் அவராகவே, "இது இல்லன்னா நான் கெணத்துல வுழுந்திருப்பேன்" என்றார். சும்மா சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விஷயம் வட்டத்தில் எல்லாருக்கும் மெல்லப் பரவியது. போஸ்ட்மாஸ்டர் சார்தான் அதிகம் உடைந்துபோனார். அலுத்துக்கொண்டதற்கெல்லாம் பரிகாரம் செய்வதுபோல, சென்னை வரை ஆள் விட்டுத் தேடி, ஒரு புது நாவலைக் கண்டுபிடித்தார். காணாமல் போன கணவன் கடைசி அத்தியாயத்தில் திரும்பி வந்துவிடுகிறான். எங்கள் எல்லாருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, "அஞ்சும் போட்டுடுங்க, அந்தப் பொண்ணு மனசு கொஞ்சம் நெறையட்டும்" என்றார். அக்காவிடம், "இந்த ஒரு தடவ ஊக்கு குத்தாதம்மா. தைரியமா முடி. நான் பொறுப்பு" என்றார். இப்படிக் கூட்டுச் சேர்ந்து ஒருவருக்கு நல்ல முடிவு கொடுக்கும் புத்தி எங்களைப் போன்ற புத்தகப் புழுக்களுக்குத்தான் வரும். நாவல் சுமார்தான். ஆனால் அந்த மாதம் அது நன்றாக இருக்க வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் வெறியே பிடித்திருந்தது.

அக்கா முடித்துவிட்டு வந்தார். முதலில் தானே பேசுவதாகச் சொன்னார். "வாசக் கதவத் தட்றான். இவ தொறக்கறா. சுபம். ஏங்க, கதவத் தொறந்தப்புறம்தானே வூடு இருக்குது? எங்கடா போனன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாளா? இத்தினி நாளு இவ எப்பிடித் தூங்கினான்னு அவன் கேக்க மாட்டானா? எழுதனவருக்கு அவசரம், முடிச்சிட்டுப் போய்ட்டாரு. எனக்கு மருந்து குடுக்கறீங்களா சார்? நான் இங்க நோயாளியா வரல. படிக்க வரேன்." அதன் பிறகுதான் அந்த ஐந்து மல்லாட்டை. ஒன்றைக்கூடத் தூக்கில் போடவில்லை. போஸ்ட்மாஸ்டர் சார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். காணை அண்ணன் மட்டும் மெதுவாகத் தன் பங்கை எடுத்து உடைக்க ஆரம்பித்தார். அடுத்து நான். அன்று தூக்கு காலியாகத்தான் வீடு போனது.

அடுத்த மாதமும் அக்கா வந்தார், பழையபடி ஊக்கோடு. நாங்களும் அதன் பிறகு அவருக்கென்று புத்தகம் தேடவில்லை.

அப்புறம் ஒரு நாள், கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "பாப்பா, வந்துட்டாரு" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். நான் அந்த வாடிக்கையாளர் முன்னாலேயே அழுதுவிட்டேன். போஸ்ட்மாஸ்டர் சார் ஜாங்கிரி வாங்கிக்கொண்டார். காணை அண்ணன் ஒரு சாக்கு இளநீர் கொண்டுவந்தார். ஏதோ கல்யாணத்துக்குப் போவதுபோல மூவரும் கோட்டக்குப்பம் போய் இறங்கினோம்.

அக்காவின் வீட்டுக்காரர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, சாயம் போன சட்டை, மரியாதையான மனிதர். எங்களுக்கு சலாம் சொன்னார், ஊர் வெயிலைப் பற்றிப் பேசினார். ஆண்கள் பேசிக்கொண்டிருக்க, நான் உள்ளே அடுப்படிக்குப் போனேன். அக்கா டீக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தார். கட்டிப்பிடிக்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

"வேலை போயிடுச்சாம். பேப்பர் இல்லாம எங்கியோ ஒரு தோட்டத்துல ஒளிஞ்சி இருந்தாராம். வெறுங்கையா என்னான்னு பேசறதுன்னு வெக்கமா இருந்துச்சாம்." பால் பொங்கி வந்தது, அக்கா தீயைக் குறைத்தார். "போன் இருந்துச்சாம் பாப்பா. வேற நம்பர். அதுல என் டிபிய மட்டும் தெனம் பாத்துக்கினு இருந்தாராம்."

அக்காவின் வாட்ஸப் படம் எங்களுக்கெல்லாம் தெரியும். மாதம் பிறந்தால் அந்த மாதத்து நாவலின் அட்டையைத்தான் வைப்பார், நாங்கள் புத்தகத்தை மறந்தால்கூட அதைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்வோம்.

"மாசா மாசம் அட்ட மாறிக்கினே இருந்துச்சாம். புதுசு புதுசா படிச்சிக்கினு இருக்கே, சந்தோஷமா இருக்கேன்னு நெனச்சாராம். சரி, நாம பேசித்தான் அவளக் கெடுக்கணுமான்னு வுட்டுட்டாராம்." அக்கா இதைச் சொல்லும்போது குரலைக்கூட உயர்த்தவில்லை. கூடத்திலிருந்து, "டீ ஆச்சா?" என்று அவர் கேட்டார். "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு அக்கா டம்ளர்களை எடுத்து அடுக்கினார்.

அதன் பிறகு அக்கா கூட்டத்துக்கு வரவில்லை. நாங்கள் இப்போதும் கூடுகிறோம், புது நாவல்களைத் தேடுகிறோம், மல்லாட்டை தின்கிறோம். பொய் அழுகையைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. வீட்டுக்காரர் திரும்பிவிட்டார், இனி இந்தப் பொண்ணுக்குப் புத்தகம் எதற்கு என்று போஸ்ட்மாஸ்டர் சார் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். அடுப்படியில் கேட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. அக்காவின் வாட்ஸப்பில் இப்போது படமே இல்லை. காலையில் எழுந்ததும் அந்த வெற்று வட்டத்தைத் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அட்டை வைத்தால் தேறிவிட்டார் என்று அர்த்தம், வைக்கவில்லை என்றால் இன்னும் ஆறவில்லை என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. உடம்பெல்லாம் கூசியது. உடனே போன் போட்டேன்.

ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அந்தப் பக்கம் தேம்பல் கேட்டது. அத்தனை வருஷமும் வரிசைகளில் நின்றபோதுகூட அக்கா அழுது நான் பார்த்ததில்லை.

"நல்லா இருக்கியான்னு கேக்கறதுக்கு ஒரு நிமிஷங்கூட ஆவல பாரு பாப்பா" என்றார். "இவ்ளோதானே ஆவுது?"