நாகபூசணியின் வெங்கோ

நாகபூசணிக்குக் காலில் சக்கரம் என்று இத்தாலியில் பலேர்மோத் தமிழர்கள் சொல்வார்கள். சும்மா சொல்லவில்லை. கலியாணப் பந்தியில்கூட அரைச்சோற்றோடு எழும்பிப் போய்க் கதவடியில் நின்று தெருவைப் பார்ப்பாள். இருக்கச் சொன்னால், "இருக்கேலாது, உள்ளுக்கை ஏதோ ஓடுது" என்பாள். ஓடியது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். சண்டை கணவனைக் கொண்டுபோன பிறகு, மகள் லக்ஷனாவைக் கொழும்பில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள் அவள். கையில் பெர்மெசோ இல்லை. அந்த வதிவிட அனுமதி கிடைத்தால்தான் போய்ப் பிள்ளையைக் கூட்டிவரலாம். அது கையில் இல்லாமல் ஊருக்குப் போனால் இங்கே திரும்பி வர வழியில்லை.

வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு சந்தில், கொன்செத்தா சிஞ்ஞோரா என்ற இத்தாலிய முதலாளியம்மாவின் மலிவு விடுதியில் அவளுக்கு வேலை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில்கள். ஊர் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் முதுகில் மூட்டையோடு வந்து படுத்து, காலையில் குளிக்கும் அறைக்கு வரிசையில் நிற்பார்கள். விரிப்பு மாற்றுவதும் கழிவறை கழுவுவதும் போதாதென்று, அவர்களுக்கு வழி காட்டுவதும் அவள் தலையில் விழுந்தது. சந்துகள் அவளுக்கு அத்துபடி என்பது சிஞ்ஞோராவின் கணிப்பு. அது சரிதான். ஆனால் நாகபூசணி அந்த நகரத்தைப் பார்த்ததே இல்லை. கடந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அவள் ஊர் காட்டுகிற விதமே தனி. கபோ சந்தைக்குள்ளால், வாள்மீன் தலைகளையும் கத்தரிக்காய்க் குவியல்களையும் விலக்கிக்கொண்டு முன்னால் பறப்பாள். பயணிகள் மூச்சு வாங்க ஓடிவருவார்கள். பேராலயம் தெரிந்ததும் கையை நீட்டி, "பெல்லா, வடிவு" என்பாள். அவளுக்குத் தெரிந்த சரித்திரம் அந்த ஒரு சொல்தான். கிட்டப் போகமாட்டாள். பயணிகள் கூடும் இடத்தில் பொலிசும் நிற்கும். ஒருவன் பெர்மெசோ கேட்டால் கதை கந்தல். துறவிகளின் நிலவறையில் பிணங்களைச் சுவரோடு நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அங்கே கூட்டிப்போன அன்று ஒரு தெரு முன்னாலேயே நின்றுவிட்டாள். "காசு குடுத்துப் பிணம் பாக்கிற சனத்தை இப்பதான் காணுறன்" என்று முணுமுணுத்தபடி திரும்பி வந்து தலைக்கு முழுகினாள்.

விட்டுப் பிரியும்போது, "வெங்கோ" என்பாள். இத்தாலியனில் அதற்கு 'வருகிறேன்' என்று பொருள். வீட்டை விட்டு இறங்கும்போது 'போறன்' என்று எந்தத் தமிழச்சி வாய்விட்டுச் சொல்வாள்? ஆகவே நம்முடைய 'வாறன்' என்பதையே இத்தாலியனாக்கிச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். சிலர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டில் போனார்கள். அதனால் அவளுக்கும் தன் பிழை தெரியவில்லை.

தொண்ணூற்றாறு மாசி மாதம் ஒல்லாந்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அன்று மாலை அவர்களுக்கு நாப்போலிக்குக் கப்பல். சிலைகள் சூழ்ந்த பெரிய நீரூற்றடியில் அவர்களை விட்டு, "வெங்கோ" என்று சொல்லிவிட்டு நாகபூசணி வந்துவிட்டாள். மழை தூறியது. அவர்கள் அசையவில்லை. தெப்பமாக நனைந்து விடுதிக்கு வந்து சேர்ந்தபோது கப்பல் போய்விட்டது.

சிஞ்ஞோரா ருத்திர தாண்டவம் ஆடினாள். அந்த ஆண்டு, வேலை கொடுப்பவர் கையெழுத்து வைத்தால் பெர்மெசோ கிடைக்கும் என்று அரசாங்கம் ஒரு வழி திறந்திருந்தது. வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவள், இப்போது அந்தக் கடதாசியை மேசை லாச்சிக்குள் எறிந்து பூட்டினாள். "சொன்ன சொல்லைக் காப்பாத்தாதவளுக்கு நான் ஏன் கையெழுத்து வைக்கவேணும்?"

ஒல்லாந்துப் பெண்மணி கத்தவில்லை. உடைந்த இத்தாலியனில் மெதுவாகச் சொன்னாள்: "நீங்கள் வாறன் எண்டு சொன்னீங்கள். அதாலதான் நாங்கள் அங்கையே நிண்டம்."

நாகபூசணியிடம் போன ஞாயிறு தொலைபேசியில் லக்ஷனா கேட்டதும் இதைத்தான்: "வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே அம்மா போனீங்கள்? எப்ப வருவீங்கள்?"

இருக்கத் தெரியாதவள் படியில் இருந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எங்கட ஆக்கள் போறன் எண்டு சொல்லமாட்டினம், சிஞ்ஞோரா. சொன்னால் திரும்பி வரமாட்டம் எண்ட பயம். என்ரை பிள்ளைக்கும் இதைத்தான் சொல்லிப்போட்டு வந்தனான். அவளும் நிக்கிறாள்." தெரிந்த இத்தாலியனையெல்லாம் கொட்டிச் சொல்லி முடித்தாள்.

சிஞ்ஞோரா உடனே இளகிவிடவில்லை. "இனி இந்த வாசலிலை வாதோ எண்டுதான் சொல்லவேணும். போறன் எண்டால் போறன்" என்று உறுக்கினாள். ஆனால் மறுநாள் காலையில் கடதாசி கையெழுத்தோடு மேசையில் கிடந்தது.

அன்றிலிருந்து நாகபூசணி பட்ட பாடு சொல்லி மாளாது. "வாதோ" என்று உரக்கச் சொல்லிப் படி இறங்குவாள். 'போறன்' என்கிற அந்தச் சொல் உள்ளே முள்ளாய்க் குத்தும். சந்து முனைவரை போய், திரும்பி ஓடிவந்து கதவைத் தொட்டு, "வாறன்" என்று தமிழில் சொல்லிவிட்டுத்தான் மறுபடி போவாள். அதற்காகவே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நடை நடந்தாள்.

குவெஸ்தூராவுக்குப் போகும் நாள் வந்தது. அந்தப் பொலிஸ் அலுவலகத்துக்குள் பெர்மெசோ கேட்டுப் போய், நாட்டைவிட்டுப் போ என்ற கட்டளையோடு வெளியே வந்தவர்களும் உண்டு. நாகபூசணி இரவு முழுக்கக் கண் மூடவில்லை. கடதாசிகளை நெஞ்சோடு அணைத்தபடி, "வாதோ, சிஞ்ஞோரா" என்று படி இறங்கினாள்.

"நில்லு!" மேலிருந்து சிஞ்ஞோரா கூப்பிட்டாள். "இண்டைக்கு அந்தச் சொல்லு வேண்டாம். மற்றதைச் சொல்லு."

"எதை?"

"உன்ரை சொல்லை."

நாகபூசணி படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "வெங்கோ" என்றாள்.

சிஞ்ஞோரா கதிரையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, வாசலில் போட்டு இருந்தாள். "ஓம், போ. நீ வருமட்டும் நான் இஞ்சையிருந்து அசையமாட்டன்."